யாருக்குப் பங்கர் வெட்டினீர்கள்?

என் கைப்பைக்குள் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று கிடக்கிறது. பெயர், தேதி, கேஸ் இலக்கம் எதுவும் அதில் இராது. விசாரணை அறையில் எடுக்கும் குறிப்புகளை அங்கேயே கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் நான் எழும்புவேன். இந்தக் கொப்பியில் சொற்கள் மட்டும்தான். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் நான் சொன்ன ஆங்கிலம். முன்பக்கங்களில் வளவு, ஒழுங்கை, கொட்டில், மதகு. பின்பக்கங்களில் இயக்கம், பெடியள், பாஸ், பங்கர். பங்கருக்கு எதிரே மூன்று தரம் எழுதி மூன்று தரமும் வெட்டியிருக்கிறேன்.

பங்கர் ஆங்கிலச் சொல்தானே, அதற்கு என்ன மொழிபெயர்ப்பு என்று நீங்கள் கேட்கலாம். ஆங்கிலச் சொல்லாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ரொறன்ரோவில் அகதி விசாரணைகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் போகத் தொடங்கி முப்பது வருஷம் ஆகப்போகிறது. நிரந்தர வேலை அல்ல. கூப்பிட்டால் போவது, மணிக்கணக்கில் காசு. போனதும் உறுதிமொழி எடுப்பேன்: சொன்னதைச் சொன்னபடி சொல்வேன், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன். அதன்பிறகு நான் நான் இல்லை. எதிரில் இருப்பவர் "என்னைத் தலைகீழாக் கட்டித் தொங்கவிட்டவை" என்றால் நானும் ஆங்கிலத்தில் 'என்னை' என்றே சொல்ல வேண்டும். 'இவரைக் கட்டித் தொங்கவிட்டார்களாம்' என்று சொல்லக் கூடாது. தமிழில் அந்த 'ஆம்' ஒன்றைப் போட்டாலே பாரம் இறங்கிவிடும். அந்த வசதி எங்களுக்கு இல்லை.

நடைபாதையில் பேசவும் கூடாது. வெளியில் காத்திருக்கும் தாய் ஒருத்தி "அக்கா, நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்பார். நான் கைப்பேசியைப் பார்ப்பேன். "பெரிய ஆள் போல" என்று முணுமுணுப்பது காதில் விழும். முதல் இரண்டு வருஷம் அது சுட்டது. பிறகு பழகிவிட்டது.

இந்த வேலை உண்டானதற்கே ஒரு தீர்ப்புத்தான் காரணம். 1985இல் கனடிய உச்ச நீதிமன்றம், சிங் என்று அறியப்பட்ட வழக்கில், அகதிக் கோரிக்கை வைப்பவருக்கு வாய்திறந்து தன் கதையைச் சொல்லும் விசாரணை வேண்டும் என்றது. அதுவரை பலருக்குக் காகிதத்திலேயே முடிவு வந்துகொண்டிருந்தது. 1989 ஜனவரியில் அகதிகள் சபை பிறந்தது. வாய் இருந்தால் மொழி வேண்டும், மொழி இருந்தால் எங்களைப் போன்றவர்கள் வேண்டும். இடையில் 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கஸ் டால்ற்றன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவரும் மற்ற மீனவர்களும் மீட்டார்கள். மீட்கப்பட்டவர்கள் தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பதில் முதலில் பொய் சொன்னார்கள். அது வெளியே தெரிந்து ஊர் முழுக்கச் சத்தம் போட்டது. ஆனாலும் ஒரு வருஷ அனுமதி கொடுத்து இருக்க விட்டார்கள். 'தேசப் பாதுகாப்பு' என்ற சொல் அப்போது எங்கள் அறைக்குள் இவ்வளவு தாராளமாகப் புழங்கவில்லை.

அது உள்ளே வந்த வழி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2002 ஜூனில் புதிய குடிவரவு, அகதிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் 34ஆம் பிரிவு: பயங்கரவாதத்தில் ஈடுபட்ட, ஈடுபடும், அல்லது ஈடுபடப் போகும் அமைப்பு என்று நம்ப நியாயமான காரணம் உள்ள எந்த அமைப்பிலும் ஒருவர் உறுப்பினராக இருந்தால், அவர் கனடாவுக்குள் அனுமதிக்கப்படத் தகாதவர். நிரூபிக்கத் தேவையில்லை, நம்ப நியாயமான காரணம் இருந்தால் போதும். 'உறுப்பினர்' என்பதை அகலமாகவே வாசிக்க வேண்டும் என்று நீதிமன்றங்களும் சொல்லிவிட்டன. 2006 ஏப்ரலில் புலிகளை, எங்கள் வாயில் 'இயக்கத்தை', கனடா பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. அதன்பிறகு, புலிகளின் ஆளுகையில் இருந்த வன்னியிலிருந்து வருபவர் எவரானாலும் அந்தப் பிரிவு அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. விசாரிக்கும் அதிகாரிக்கும் ஆங்கிலத்தில் 'மெம்பர்' என்றுதான் பெயர், சபையின் உறுப்பினர். எங்கள் சனம் அவரை "ஜட்ஜ் ஐயா" என்றே கூப்பிடும். ஆக ஒரு மெம்பர் இன்னொருவரைப் பார்த்து, நீங்கள் மெம்பரா என்று கேட்கிறார். நடுவில் நான் இருந்து "நீங்கள் இயக்கத்தில் உறுப்பினராக இருந்தீர்களா?" என்று கேட்கிறேன். எதிரில் இருப்பவருக்கு உறுப்பினர் என்றால் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், சனசமூக நிலையம், ஐம்பது ரூபா சந்தா. இயக்கத்துக்கு அப்படி ஒரு அட்டை உண்டா? இயக்கத்தில் இருந்தவர் உண்டு, இயக்கத்தோடு நின்றவர் உண்டு, இயக்கத்துக்குச் செய்தவர் உண்டு, இயக்கம் பிடித்துக்கொண்டு போனவர் உண்டு. கிளிநொச்சியில் தமிழீழ வைப்பகத்தில் நிலம் கூட்டியவர் இதில் எவர்? வன்னிக்கு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்கப் போய் நாள் முழுக்க வரிசையில் நின்று, கடைசியில் அந்த அலுவலகத்துக்கே எழுத்து வேலை செய்து கொடுத்த பெடியன் எவர்?

எங்கள் பேச்சுத் தமிழ் வேறு ஒத்துழைக்காது. "இயக்கத்துக்குப் போனது" என்பார்கள். போனது யார்? நானா, தம்பியா, எல்லாருமா? யாழ்ப்பாணத் தமிழில் வினைச்சொல் ஆளைக் காட்டாமலே காரியத்தை முடித்துவிடும். ஆங்கிலத்தில் ஆள் இல்லாமல் வசனம் நகராது. நான் ஒரு ஆளை வைத்தே தீர வேண்டும். இயக்கத்தவரைச் சொல்லும் 'எங்கட பெடியள்' இன்னொன்று. எங்கட பஸ், எங்கட விதானையார், எங்கட வைரவர் கோயில். இதில் எதுவும் எங்களுக்குச் சொந்தமில்லை. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று மண்ணை அள்ளித் தூற்றும் தாயும் 'எங்கட பெடியள்' என்றுதான் தூற்றுவாள். அதையே ஆங்கிலத்தில் சொன்னவுடன் மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் பேனா ஓடத் தொடங்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது 'ஓம்'. கேள்வியை நான் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் "ஓம்... ஓம்..." என்பார். கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கோ என்பதுதான் அதன் பொருள். ஒலிப்பதிவில் அது 'ஆம்' என்று விழும். "நீங்கள் ஆயுதப் பயிற்சி—", "ஓம்", "—எடுத்தீர்களா?", "இல்லை." இதில் எது பதில்? நான் இப்போது கேள்வி முடிந்தபின் இரண்டு விநாடி சும்மா இருந்துவிட்டுத்தான் பதிலை எடுக்கிறேன். அந்த இரண்டு விநாடியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிறகு மேற்குக் கரைக்குத் தமிழ் அகதிகளோடு கப்பல்கள் வந்தன. 2009 ஒக்டோபர் 17இல் 'ஓஷன் லேடி', 76 ஆண்கள். 2010 ஓகஸ்ட் 13இல் 'சன் சீ', 492 பேர்: 380 ஆண்கள், 63 பெண்கள், 49 பிள்ளைகள். ஒருவர் நடுக்கடலில் இறந்துபோனார். அது கரை சேருமுன்பே, ஆட்கடத்தல்காரரும் புலிகளும் அதில் இருக்கலாம் என்று பொதுப் பாதுகாப்பு அமைச்சர் விக் ரேவ்ஸ் சொல்லியிருந்தார். ஆண்களை மேப்பிள் ரிட்ஜ் சிறையிலும், பிள்ளைகளோடு வந்த தாய்மாரைப் பேர்னபியில் இளையோர் தடுப்பு நிலையத்திலும் வைத்தார்கள்.

தடுப்புக் காவலை 48 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு ஏழு நாளில், அதன்பின் முப்பது நாளுக்கு ஒருமுறை மீளாய்வு செய்ய வேண்டும் என்பது சட்டம். 492 பேருக்கு இதைச் செய்வதென்றால் பாருங்கள். மேற்குக் கரையில் இருந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் போதவில்லை. நான் ரொறன்ரோவில் இருந்தபடி தொலைபேசியில் செய்தேன். மூன்று மணி நேர வித்தியாசம். அவர்களுக்குக் காலை, எனக்கு மத்தியானச் சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

ஆள் யார் என்பதே மாதக்கணக்கில் பிரச்சினை. ஐசி என்ற அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டால் "அது அப்பான்ர பேர்" என்பார். அப்படியானால் அப்பாவின் குடும்பப் பெயர்? "அது அப்பப்பான்ர." தலைமுறைக்குத் தலைமுறை குடும்பப் பெயர் மாறும் குடும்பம் என்ன குடும்பம் என்று அந்த முனையில் ஒரு மௌனம். தாய் ஒருத்தியின் மீளாய்வு நடந்துகொண்டிருந்தபோது பின்னால் ஒரு குழந்தை "அம்மா, போவமா? அம்மா, போவமா?" என்று விடாமல் கேட்டது. அதை மொழிபெயர்க்கவா விடவா என்று ஒரு கணம் தடுமாறினேன். அறையில் ஒலிக்கும் எல்லாவற்றையும் சொல் என்பது விதி. சொன்னேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

கப்பலில் வந்தவர்கள் பலர் விடுதலையானபின் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார்கள். 2011இல் நான் இருந்த ஒரு விசாரணையில் எதிரே இருந்தவருக்கு முப்பது வயதிருக்கும். கப்பலின் பெயரையோ அவர் ஊரையோ சொல்லப் போவதில்லை. வன்னி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போரின் கடைசி மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று கேள்வி.

"நாங்கள் பங்கர் வெட்டினது. எல்லாரும் வெட்டினது தானே."

நான் சொன்னேன்: நாங்கள் பங்கர்கள் வெட்டினோம், எல்லாருமே வெட்டினார்கள். சுத்தமான மொழிபெயர்ப்பு. அமைச்சின் சார்பில் வந்தவர் நிமிர்ந்தார். யாருக்காக வெட்டினீர்கள்?

"ஆருக்கெண்டு... அவைக்கும் வெட்டினது, எங்களுக்கும் வெட்டினது."

அங்கே தொடங்கியது. எத்தனை பங்கர், எவ்வளவு ஆழம், முன்னரங்கிலிருந்து எவ்வளவு தூரம், மண்வெட்டி யார் தந்தது, மேலே என்ன போட்டு மூடினீர்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் உண்மையாகவே பதில் சொன்னார். ஆனால் ஒரு பதிலில் வீட்டு வளவுப் பங்கர், அடுத்த பதிலில் வீட்டுக்கு ஒராள் என்று கூட்டிக்கொண்டு போய் வெட்டவைத்த பங்கர். பனங்குத்தி போட்டு மூடினது என்றார். சற்றுப் பிறகு சேலையைக் கிழித்து மூட்டை தைத்து மண் நிரப்பி அடுக்கினது என்றார். கடற்கரை மணலில் குழி நிற்காது, சரிந்து விழும். கட்டின பெண்சாதியின் கூறைச்சேலைகூட முள்ளிவாய்க்காலில் மண்மூட்டையாகப் போயிற்று. இது வன்னியில் இருந்த எவருக்கும் தெரியும். அந்த அறையில் அது எதிர்ப்பக்கத்தின் கணக்கில் ஒரு 'முரண்பாடு' ஆகிக்கொண்டிருந்தது.

ஆங்கிலத்தில் பங்கர் என்றால் படைக்குரியது: கொங்கிரீட்டு, துப்பாக்கி முனை வைக்கத் துவாரம். தமிழ்க் குடும்பத்துக்குப் பங்கர் என்றால் கிணற்றடிக்குப் பக்கத்தில் 'ட' வடிவத்தில் வெட்டிய குழி. உள்ளே சாக்கு விரித்து, ஒரு போத்தல் தண்ணீரும் பிள்ளைகளின் பால்மா ரின்னும் வைத்திருப்பார்கள். 1987இல் எங்கள் வளவிலும் ஒன்று இருந்தது. ஷெல் கூவத் தொடங்கினால் அம்மம்மாவை இரண்டு பேர் பிடித்து இறக்குவோம். "பாம்பு கிடக்கும், லைற்றை அடி" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவா. அந்த மண் வாசம் இன்னும் எனக்கு மூக்கில் இருக்கிறது. ஆக அந்த அறையில் அவர் எந்தப் பங்கரைச் சொல்கிறார் என்று விளங்கிய இரண்டு பேரில் நான் ஒருத்தி.

எனக்கு ஒரு வழி இருந்தது. மொழிபெயர்ப்பாளர் கையை உயர்த்தலாம். 'இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, எது என்று கேட்க அனுமதி வேண்டும்' என்று சொல்லலாம். விளக்கம் கொடுக்கக் கூடாது, கேட்கலாம். நான் கேட்கவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன் எங்களில் ஒருவர் மீது, அகதிக்குச் சார்பாகப் பேசுகிறார் என்று முறைப்பாடு போயிருந்தது. அந்தப் பயம். பகல் சாப்பிடாத களைப்பும். இருபது நிமிஷம் பங்கர் பங்கர் என்று இரண்டு மொழியிலும் ஒரே சொல்லைக் கொண்டு போய்க் கொண்டு வந்தேன்.

இடைவேளை முடிந்து வந்ததும் கையை உயர்த்தினேன். சபை உறுப்பினர் பொறுமையான மனிதர். குறித்துக்கொண்டு கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். எதிரே இருந்தவர் என்னை ஒருமுறை பார்த்தார். ஏதோ வலை என்று நினைத்திருக்க வேண்டும். "முதல் சொன்னது தான்" என்றார்.

முதல் சொன்னது தான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

தீர்ப்பு எங்களுக்கு வராது. கேஸ் எடுபட்டதா றிஜெக்ட் ஆனதா என்று கேட்கும் உரிமையும் இல்லை.

கப்பல் வழக்குகளில் சில உச்ச நீதிமன்றம் வரை போயின. அவை 34ஆம் பிரிவு அல்ல, ஆட்கடத்தல் பற்றிய 37. 'சன் சீ'யை ஓட்டவந்த தாய்லாந்து மாலுமிகள் இடையிலேயே விட்டுவிட்டுப் போக, உள்ளே இருந்தவர்களே வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பி010 என்று மட்டும் தீர்ப்பில் குறிக்கப்பட்டவர் இயந்திர அறையில் முறைவைத்து நின்று தண்ணீரையும் எண்ணெயையும் பார்த்தவர். பி306 சமைத்தவர், காவல் பார்த்தவர். இவர்கள் ஆட்கடத்தலுக்கு உதவியவர்கள், ஆகவே தகாதவர்கள் என்பது அரசின் வாதம். 2015 நவம்பர் 27இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இலாபத்துக்காக, நாடுகடந்த குற்றக் கும்பலோடு சேர்ந்து செய்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும், தப்பியோடும்போது ஒருவருக்கொருவர் செய்த உதவி அதில் அடங்காது என்றது. சோறு காய்ச்சியது குற்றமல்ல என்பதைச் சொல்ல ஐந்து வருஷம். எனக்கு அதில் கோபம் வந்தது என்று சொல்லமாட்டேன், சிரிப்புத்தான் வந்தது. கப்பலில் சமைத்தது யார் என்று கேட்டால் கையை உயர்த்தாத தமிழன் உண்டோ? நல்லாச் சமைத்தேன் என்று வேறு சொல்லியிருப்பான்.

அந்தத் தீர்ப்பு வருமுன்பே சட்டம் மாறிவிட்டது. சி-31 என்ற மசோதா 2012 ஜூனில் சட்டமாகி டிசம்பர் 15இல் பெரும்பகுதி நடைமுறைக்கு வந்தது. கூட்டமாக வருபவர்களை அமைச்சர் 'முறையற்ற வருகை' என்று குறிக்கலாம். குறித்தால் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர் எல்லாரும் தடுப்பில். மீளாய்வு முதலில் 14 நாளில், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான். முதல் வரைவில் ஒரு வருஷம் வரை மீளாய்வே இல்லை என்று இருந்தது, எதிர்ப்பு வந்துதான் குறைந்தது. கேஸ் எடுபட்டாலும் நிரந்தர வதிவிடத்துக்கு ஐந்து வருஷம் விண்ணப்பிக்க முடியாது. ஐந்து வருஷம் என்றால் ஊரில் விட்டுவந்த ஐந்து வயதுப் பிள்ளை பத்து வயதில்கூட வந்து சேராது.

கப்பலில் வராதவர்களையும் அது விடவில்லை. முன்பு விமான நிலையத்தில் அசைலம் அடித்தவருக்குத் தன் கதையை எழுதிக் கொடுக்க 28 நாள். அது 15 ஆயிற்று. விசாரணை 60 நாளுக்குள். விரைவு நல்லது என்று நானும் நினைத்தேன். ஒன்றரை வருஷம் காத்திருந்து பைத்தியம் பிடித்த சனத்தைப் பார்த்தவள் நான். ஆனால் அதன் விலையையும் எங்கள் மேசையில் பார்த்தேன். இரவு ஒன்பது மணிக்கு லோயரின் அலுவலகத்தில் அவசரமாக எழுதிய கதையை வாசித்துக் காட்டுவேன். ஒவ்வொரு வசனத்துக்கும் "ஓம், ஓம்" என்பார். இந்த ஓம் எந்த ஓம் என்று நிறுத்திக் கேட்க நேரம் இல்லை. நாளைக்குக் கடைசி நாள்.

பாதுகாப்புச் சோதனையே கூடாது என்று சொல்பவள் அல்ல நான். பொய்யையும் மொழிபெயர்த்திருக்கிறேன். யாரோ எழுதிக் கொடுத்ததைப் பாடமாக்கி வந்து மூன்றாவது வசனத்தில் மறந்துபோனவரையும் தெரியும். பிள்ளை பிடிக்கப் போன குழுவில் தான் நின்றதை, எந்தக் குரல் நடுக்கமும் இல்லாமல் சொன்ன ஒருவரையும் 'நான்' என்றே மொழிபெயர்த்தேன். அன்று வீட்டுக்குப் போய் வெகுநேரம் குளித்தேன். அப்படியானவரை ஒரு நாடு கேள்வி கேட்காமல் உள்ளே விட வேண்டும் என்று யார் சொல்வார்? என் சண்டை வேறு. பிள்ளை பிடித்தவரும் பிடிபட்ட பிள்ளையும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டால், பிரித்தெடுக்க நேரம் வேண்டும். ஒவ்வொரு இறுக்கத்திலும் முதலில் போவது அந்த நேரம்தான்.

2020க்குப் பிறகு பெரும்பாலும் கணினித் திரையில்தான் விசாரணை. என் வீட்டுச் சாமி அறைக்குப் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேன். திரையில் குரல் பிந்தி வரும். என் இரண்டு விநாடி இப்போது மூன்றாகிவிட்டது. 2025 ஜூனில் எல்லைப் பாதுகாப்பின் பெயரில் அரசு கொண்டுவந்த சி-2 மசோதா, 2020 ஜூன் 24க்குப் பின் முதல்முறை நாட்டுக்குள் வந்து ஒரு வருஷம் கழித்து அகதிக் கோரிக்கை வைப்பவரை அகதிகள் சபைக்கே அனுப்ப வேண்டாம் என்று முன்மொழிந்தது. அவர்களுக்கு மிஞ்சுவது, திருப்பி அனுப்புமுன் செய்யும் ஆபத்து மதிப்பீடு. அது பெரும்பாலும் காகிதத்தில் நடப்பது. மாணவர் விசாவில் வந்து, இரண்டாம் வருஷம் ஊரில் ஏதோ நடந்து, அதன்பின் பயந்தவருக்கு வாய் திறக்க அறை இராது. 1985இல் கிடைத்த அறை அது.

சென்ற மாதம் எங்கள் தெருவில் இருக்கும் பிள்ளை ஒருத்தி வந்தாள். ஸ்காபரோவில் பிறந்தவள். மொழிபெயர்ப்பாளர் சோதனையில் பாஸ் பண்ணிவிட்டாள். ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு, தமிழும் குறை சொல்ல முடியாது. கொப்பியைப் புரட்டிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாள். கடைசியில் நின்றாள்.

"அன்ரி, பங்கர் எண்டா பங்கர் தானே? ஏன் மூண்டையும் வெட்டியிருக்கிறியள்? நாலாவது எங்க?"

"நாலாவது கேள்வி. எந்தப் பங்கர் எண்டு கேக்க அனுமதி கேள். முதல் தரமே கேள், இடைவேளைக்குப் பிறகு இல்லை."

எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவைக் கடித்தபடி, "பனங்குத்தி எண்டா?" என்றாள்.

நான் கொப்பியைத் திருப்பி வாங்கி, வெற்றுப் பக்கத்தில் பெரிதாக ஒரு 'ட' கீறினேன். "இது கிணத்தடி. இது வாசல்" என்று தொடங்கினேன்.